உன்ர இடது காது

மோனை, நான் சுகமாய் இருக்கிறன் எண்டு துவங்கினால் இந்தக் கடிதத்தின்ர முதல் வரியே பொய்யாய்ப் போயிடும். பொய் சொன்னது காணும். கால் உளைவும் பிரஷரும் இருந்தபடிதான் இருக்குது, உது ஒண்டும் புதினமில்லை. இந்த மாதக் கடைசியில நீ இங்க கனடாவில இருக்கிற மார்க்கம் வீட்டை வித்துப்போட்டு, மனிசி பிள்ளையளோட மிச்சிகனுக்குப் போறாய். அவ பிறந்து வளர்ந்த இடம், உனக்கும் கிரீன் காட் வந்திட்டுது, நல்ல விசயம். போகமுதல் உனக்கு நான் ஒண்டு சொல்லவேணும். நேரில சொல்ல எனக்கு முகமில்லை. போனில சொல்லலாம் எண்டு ரெண்டு தரம் எடுத்தனான், நீ ஹலோ எண்ட உடன சாப்பிட்டியோ எண்டு கேட்டுப்போட்டு வைச்சிட்டன். அதால எழுதிறன். ஐஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தால நிப்பாட்டினவளின்ர எழுத்து, பிழை இருக்கும். சிரிக்கிறதெண்டால் சிரி. ஆனால் கடைசிவரைக்கும் வாசி.

போன கிழமை நீ போன் எடுத்து, அங்க போனவுடன துவக்குக்கு ஒரு சைலன்சர் வாங்கப்போறன் எண்டு சொன்னாய். நான் கத்தினன். அது கொலைகாரர் பாவிக்கிற சாமான், படத்தில பாக்கேல்லையே, பக்கத்து அறையில இருக்கிறவனுக்கும் கேக்காமல் சுடுறதுக்குத்தானே எண்டு கேட்டன். நீ ஆறுதலாய்ச் சொன்னாய், "படத்தில மழைக்குள்ள நிண்டு பாட்டும்தான் பாடுறவை. எங்கட வீட்டில ஆரம்மா பாடினது?" எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகு நீ சொன்னாய், "அம்மா, நான் மானுக்குப் போறனான், மனிசருக்கில்லை. பதினைஞ்சு வருசமாய்த் துவக்குச் சத்தம் கேட்டு வலது காதும் குறைஞ்சுகொண்டு வருதெண்டு காது டொக்டர் சொல்லிப்போட்டார். இடது காதை அண்டைக்கே அப்பா எடுத்திட்டார். மிஞ்சின ஒண்டையாவது நான் காப்பாத்த வேண்டாமே?" நீ பகிடியாய்த்தான் சொன்னாய். உன்ர தேப்பன் செத்து நாலு வருசம். அந்தப் பகிடியைக் கேட்டாப்பிறகு எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை.

அடுத்த நாள், உன்ர தங்கச்சியின்ர மகள் பள்ளிக்கூடத்தால வந்த உடன, அந்த சைலன்சரைப் பற்றி இன்ரநெற்றில இருக்கிறதை எனக்கு வாசிச்சுச் சொல்லு எண்டு கேட்டன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மம்மா, ஆரோடயும் கோவமே? போலீஸ் என்ர போனைப் பார்த்தால் என்ன நினைக்கும்?" எண்டாள். நினைக்கட்டும், நீ வாசி எண்டன். மூண்டு பின்னேரம் இருந்து வாசிச்சாள். இங்கிலிசில ஒருக்கால், தமிழில ஒருக்கால், எனக்கு விளங்காட்டி கையால காட்டி ஒருக்கால். நீ எனக்குச் சொல்ல வந்ததை முழுக்கக் கேக்காமல் கத்தினதுக்கு இது ஒரு தண்டம் எண்டு நினைச்சுக் கேட்டன்.

அதை நான் பிரஷர் குக்கரை வைச்சுத்தான் விளங்கிக்கொண்டனான். அடுப்பால இறக்கின உடன விசிலை ஒரேயடியாய்த் தூக்கினால் ஆவி சீறிக்கொண்டு வந்து முகத்தைப் பொசுக்கும். மெல்ல மெல்ல விட்டால் உஸ் எண்டு அடங்கும். துவக்கு வாயால ரவைக்குப் பின்னால வாற புகையையும் அந்தக் குழாய் தட்டுத் தட்டாய் மறிச்சு, ஆறவிட்டு வெளியில விடுது. அதால சத்தம் குறையும். குறையும் எண்டுதான் சொன்னாள், இல்லாமல் போகாது. காதைக் கிழிக்கிற சத்தம், பக்கத்தில சம்மட்டியால இரும்பில அடிக்கிற சத்தமாய் வரும், அவ்வளவுதான். ஆனபடியால் அதைப் பூட்டிப்போட்டன் எண்டு காதுமூடியைக் கழட்டி வைச்சிடாதை. ரெண்டும் வேணும். உனக்கு மற்றவையை மாதிரி ரெண்டு காதில்லை.

இன்னொண்டும் வாசிச்சாள். ரவை காத்தைக் கிழிச்சுக்கொண்டு போற சத்தத்தை எந்தக் குழாயும் குறைக்காதாம். இது அவளுக்குப் புதினமாய் இருந்தது. எனக்கு இல்லை. ஆமிக்காரன் சுடேக்கை முதல் தலைக்கு மேல சடார் எண்டு ஒண்டு கேக்கும், பிறகுதான் தூரத்தில தொம் எண்டு துவக்குச் சத்தம் வரும். சடார் கேட்டால் நீ உயிரோட இருக்கிறாய் எண்டு அர்த்தம் எண்டு நாங்கள் பகிடி விட்டுக்கொண்டு பங்கருக்குள்ள இறங்கிறனாங்கள். ஐஞ்சாம் வகுப்புக்காரிக்கும் தெரிஞ்ச விசயம் அது.

நன்மை எண்டு பார்த்தால் சத்தம் மட்டுமில்லை. தோளில உதைக்கிறது குறையுமாம். போன வருசம் நீ சேட்டைக் கழட்டேக்கை தோள் நீலம் பாரிச்சுக் கிடந்ததை நான் கண்டனான். உதை குறைஞ்சால் கண்ணை மூடி உலுக்காமல் சுடுவாய், மானும் ஒரு வெடியில விழும், காயப்பட்டு ஓடி அந்தரிக்காது. பக்கத்தில நிக்கிற கூட்டாளி நில் எண்டு சொன்னால் உனக்குக் கேக்கும். அது பெரிய விசயம் மோனை, காட்டுக்குள்ள நில் எண்ட சொல்லுக் கேக்காமல் எத்தினை பேர் செத்திருப்பினம். பக்கத்துப் பண்ணைக்காரற்ற மாடும் வெருளாது.

வாங்கேக்கை ஆகப் பெரிசை வாங்காதை. நீளமும் பாரமும் கூடினால் சத்தம் இன்னும் குறையும்தான், ஆனால் நாள் முழுக்கக் காவிக்கொண்டு திரியிறது நீ. துவக்கின்ர நுனியில பாரம் ஏறினால் கை களைக்கும், கிளையில கொழுவும். ரைற்றேனியத்தில செய்தது லேசாம், விலை கூட. இரும்பில செய்தது பாரமாம், ஆனால் நெடுக உழைக்குமாம். நீ கன வெடி வைக்கிறவனில்லை, லேசானதை எடு. உன்ர துவக்கின்ர ரவைக்கு ஏற்றதோ எண்டு கேட்டு வாங்கு. பெரிய ரவைக்குச் செய்ததைச் சின்னத் துவக்குக்குப் போடலாம், சத்தம்தான் கொஞ்சம் கூட வரும். சின்னனுக்குச் செய்ததைப் பெரிசுக்குப் போட்டால் வெடிச்சுக் கையோட போகும். துவக்கு வாயில திருகிற புரி நேராய் இருக்குதோ எண்டு துவக்குத் திருத்திறவனிட்டைக் காட்டு. பூட்டினாப்பிறகு குறி மாறும், காட்டுக்குப் போகமுதல் அட்டையில சுட்டுப் பார். நாலு வெடிக்குப் பிறகு தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குமாம், வெறுங்கையால பிடிக்காதை. அங்க அதுக்குக் கைரேகை குடுத்து, படம் குடுத்து, அனுமதி வரும்வரைக்கும் இருக்கவேணுமாம். இரு. ஒண்டு மட்டும், எங்களைப் பாக்க வரேக்கை அதைக் காரில போட்டுக்கொண்டு வந்திடாதை. கனடாவில அது வைச்சிருக்கவே ஏலாத சாமான். மறந்துபோனன் எண்டு எல்லைப் போடரில சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.

இவ்வளவையும் வாசிச்சுக் கேட்டது உனக்குப் புத்தி சொல்லவேணும் எண்டு மட்டுமில்லை. சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடவும்தான். இனித் தள்ள இடமில்லை.

உன்ர இடது காதை அப்பா எடுக்கேல்லை. ஆமி அடிச்ச செல்லுக்குண்டும் எடுக்கேல்லை. நான் எடுத்தனான்.

உனக்கு அப்ப ஐஞ்சு வயசு. யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம். உன்ர மாமி, அப்பாவின்ர தங்கச்சி, எங்கட ஒழுங்கையில கடைசி வீட்டில இருந்தவ. எனக்கும் அவவுக்கும் கதை பேச்சில்லை. கலியாணம் கட்டின முதல் வருசம், கொழும்பில வேலை செய்த உன்ர அப்பாவுக்கு நான் எழுதின கடிதத்தை அவ பிரிச்சு, ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்க நாலு சனத்துக்கு முன்னால என்ர எழுத்துப்பிழையளோட வாசிச்சுச் சிரிச்சவ. அதை நான் மறக்கேல்லை, இப்பவும் மறக்கேல்லை. என்ன சீலை கட்டியிருந்தவ, ஆர் ஆர் சேர்ந்து சிரிச்சது எல்லாம் கேட்டால் சொல்லுவன். என்ர பிள்ளை அந்தப் படலையைத் தாண்டக்கூடாது எண்டு சொல்லி வைச்சிருந்தனான்.

அண்டைக்கு அவ வீட்டில நெருப்புப்பெட்டி இல்லையெண்டு உன்ர அப்பா ஒண்டை உன்ர கையில குடுத்து விட்டவர். எனக்குச் சொல்லேல்லை. அங்க சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, டைனமோவில வயரைக் கொழுவி, ரேடியோ கேக்கிறவை. ஒராள் பெடல் சுத்தினால்தான் ரேடியோ பாடும். நான் உன்னைத் தேடிக்கொண்டு போறன், நீ நிலத்தில குந்தியிருந்து ரெண்டு கையாலயும் பெடலைச் சுத்திறாய், அவ கதிரையில இருந்து பாட்டுக் கேக்கிறா. நீ சந்தோசமாய்த்தான் சுத்தினாய், முகமெல்லாம் பல்லு. எனக்கு அது தெரியேல்லை. என்னைப் பார்த்துச் சிரிச்சவளுக்கு என்ர பிள்ளை கூலி வேலை செய்யிறான் எண்டுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது. கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து படலையடியில வைச்சு அறைஞ்சன். விரிச்ச கை, காதோட சேர்த்து. நீ அழேல்லை. விழுந்தாய், எழும்பி நிண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாய், காதுக்க தண்ணி போன பிள்ளை மாதிரி. மாமி ஓடிவந்து, "மச்சாள், பிள்ளையின்ர காதால ரத்தம் வருது" எண்டவ. உம்மட வேலையைப் பாரும் எண்டு சொல்லிப்போட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தன்.

வீட்டுக்கு வரச் செல்லடி துவங்கிட்டுது. எங்கட ஒழுங்கையில இல்லை, ரெண்டு மைல் தள்ளி. பங்கருக்க இருந்து உன்ர காதைச் சீலைத் தலைப்பால பொத்திக்கொண்டிருந்தனான். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் செல்லடியில காயப்பட்ட சனம் விறாந்தை முழுக்கக் கிடக்குது. டொக்டர் என்னைப் பாக்கவே இல்லை, உன்ர காதைப் பார்த்துப்போட்டு "செல்லோ?" எண்டு கேட்டார். நான் தலையாட்டினன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒருக்காத் தலையாட்டினது. காதுக்க ஒண்டும் விடவேண்டாம் எண்டு சொல்லி அனுப்பினவர். அதையும் நான் கேக்கேல்லை. நீ நோவில முனகினாய் எண்டு உள்ளிப்பூண்டைப் போட்டு நல்லெண்ணெய் காச்சி மூண்டு நாள் விட்டன். பிறகு சீழ் பிடிச்சு மாசக்கணக்காய் வடிஞ்சது. அறைஞ்சது கோவத்தில. எண்ணெய் விட்டது பாசத்தில. ரெண்டும் சேர்ந்துதான் அந்தக் காதை முடிச்சது.

ஆரும் கேட்டால், இவர்தான் செல்லடிக்க பிள்ளையை வெளியில அனுப்பினவர் எண்டு சொன்னன், நீயும் அதையே கேட்டுக் கேட்டு நம்பி வளர்ந்தாய். அவர் உன்னை அனுப்பினது உண்மைதானே எண்டு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டனான். கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில இருந்தபோது எங்கட அகதிக் கேஸ் விசாரணை வந்தது. உன்ர காதைக் காட்டினன், அதே கதையைச் சொன்னன். விசாரிச்சவர் உன்ர அப்பாவைப் பார்த்து, செல்லடிக்கிற நேரம் ஐஞ்சு வயசுப் பிள்ளையை ஏன் வெளியில விட்டனீர் எண்டு கேட்டார். அறைஞ்ச அண்டு இரவே நான் அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தனான், எண்டாலும் உன்ர அப்பா என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. "என்ர பிழை" எண்டு சொன்னார். மொழிபெயர்க்க வந்த மனிசன் அதை இங்கிலிசில சொன்னது எனக்கு விளங்கினது. அந்த ரெண்டு மூண்டு சொல்லுத்தான் எனக்கு முதல் பிடிபட்ட இங்கிலிசு.

திரும்பி வரேக்கை ஸ்ரீற்காரில அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பெடியனுக்குச் சொல்லாதையும். தேப்பனைக் கோவிச்சுக்கொண்டு ஒரு பிள்ளை வளரும். தாயைக் கோவிச்சுக்கொண்டு வளராது." நான் நன்றியும் சொல்லேல்லை, வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. சரி எண்டு இருந்திட்டன். நீ பதினாறு வயசில, பள்ளிக்கூடத்தில காது கேக்காமல் பகிடிக்கு ஆளாகி வந்து, "நீங்கள்தானே என்னை அனுப்பினனீங்கள்" எண்டு அவரோட கத்தினாய். நான் குசினியில நிண்டு வெங்காயம் வெட்டினனான். வெட்டி முடிஞ்சாப்பிறகும் வெட்டினனான். அண்டையில இருந்து நீ அவரோட அளந்து அளந்துதான் கதைச்சாய். நவம்பரில அவற்ற திவசத்துக்கு வராமல் நீ மானுக்குப் போறாய் எண்டு நான் ஸ்காபரோ முழுக்கக் குறை சொல்லித் திரிஞ்சனே, அதை எந்த வாயால சொன்னனோ தெரியாது.

செத்தவீட்டில நீ எழும்பிக் கதைச்சது உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒரு சொல்லுப் பிசகாமல் நினைவிருக்கு. "அப்பா ஒரு பிழை விட்டவர். அதை நான் மன்னிச்சிட்டன். அதை அவர் உயிரோட இருக்கேக்கை சொல்லாததுதான் என்ர கவலை" எண்டு சொன்னாய். சனம் அழுதது. பெருந்தன்மையான பெடியன் எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொல்லிச்சினம். நான் முன்வரிசையில வெள்ளைச் சீலையோட இருந்து ஓம், ஓம் எண்டனான். பெட்டிக்குள்ள கிடந்த மனிசன் ஒரு பிழையும் செய்யேல்லை. அண்டைக்கும் நான் எழும்பேல்லை. அறைஞ்ச நாளைவிட அந்த நாளைத்தான் என்னால தாங்க ஏலாமல் கிடக்குது. அறைஞ்சவளுக்கு முப்பது வயசும் இல்லை, கோவக்காரி. செத்தவீட்டில இருந்தவளுக்கு எல்லாம் தெரியும்.

புது இடத்தில காது டொக்டரிட்டைப் போனால் செல் எண்டு எழுதிக் குடுக்காதை. அறைஞ்சு செவிப்பறை கிழிஞ்சது, பிறகு எண்ணெய் விட்டுச் சீழ் பிடிச்சது எண்டு சொல்லு. அதால ஏதும் செய்ய ஏலுமோ ஏலாதோ எனக்குத் தெரியாது. ஆனால் உன்ர காதைப் பற்றின உண்மை உன்னட்டை இருக்கவேணும், அது என்னட்டை இருந்தது காணும். சுட்டுப் பழகினதால வலது காது போகுது எண்டதும் உண்மைதான், அதுக்கு நான் பழி ஏற்கமாட்டன். எல்லாத்தையும் தலையில போட்டுக்கொண்டு அழுகிறதும் ஒரு ஏமாத்துத்தான்.

நான் சொல்லுறதை நீ நம்பாமலும் விடலாம். கிழவி அப்பாவைக் காப்பாத்தக் கதை கட்டிறா எண்டு நினைக்கலாம். கண்டது ஒரே ஒரு ஆள், உன்ர மாமி. அவ இப்ப அஜக்ஸில மகளோட இருக்கிறா. முப்பது வருசத்துக்கு மேல நான் அவவோட கதைக்கேல்லை. கடிதத்தை வாசிச்சுச் சிரிச்ச கோவம் எண்டுதான் ஊரும் நினைக்குது, நானும் அப்பிடித்தான் சொன்னனான். அதில்லை மோனை. அவ வாய் திறப்பா எண்ட பயம். கலியாண வீடுகளில அவ இருக்கிற பக்கம் உன்னைப் போகவிடாமல் மறிச்சது அதாலதான். அவ ஒரு நாளும் திறக்கேல்லை.

முந்தநாள் அவவுக்குப் போன் எடுத்தனான். குரலைக் கேட்ட உடன அவ, "மச்சாள், ஆர் செத்தது?" எண்டு கேட்டா. ஒருத்தரும் சாகேல்லை, பெடியன் மிச்சிகனுக்குப் போறான், அவனுக்கு அந்தக் காதின்ர கதையைச் சொல்லப்போறன் எண்டன். அவ எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தின சத்தம் கேட்டுது. பிறகு சொன்னா, "இப்ப ஏன் மச்சாள்? அவன் வந்து கேட்டால் எனக்கு வயசு போயிட்டுது, ஒண்டும் நினைவில்லை எண்டு சொல்லிவிடுறன். அண்ணையும் போயிட்டார். நீங்கள் நிம்மதியாய் இருங்கோ." அவ அதை நக்கலாய்ச் சொல்லேல்லை. இரக்கத்தில சொன்னவ. எனக்கு ஓம் எண்டு சொல்ல வாய் உன்னினது. இந்த வயசிலயும், இவ்வளவுக்குப் பிறகும். ஓம் எண்டும் சொல்லாமல், வேண்டாம் எண்டும் சொல்லாமல் போனை வைச்சிட்டன். வைச்சுப்போட்டுத்தான் இந்தக் கொப்பியை எடுத்தனான்.

போகமுதல் அஜக்ஸுக்குப் போய் மாமியைப் பார். எல்லாத்தையும் கேள், நான் எழுதாமல் விட்டது ஏதும் இருந்தாலும் கேள். ஒண்டே ஒண்டு மோனை, எண்டைக்குப் போறாய் எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதை. சொன்னால் நான் உனக்கு முந்தி மாமிக்குப் போன் எடுத்து ஓம் எண்டிடுவன்.

அம்மா